முன்னறிவின்றித் தொடங்கிய துப்பாக்கிப் பட்டறை: ஈலை விட்னியின் ஒப்பந்தமும் அதனைச் சூழ்ந்த கதையும்

தொழில்நுட்ப வரலாற்றில் ஒருவர் பெயரோடு ஒரு கதை ஒட்டிக்கொண்டுவிடின், பின்னர்க் கிடைக்கும் ஆவணங்களால்கூட அதனை எளிதில் பிரித்தெடுக்க இயல்வதில்லை. தமிழ் இலக்கிய வரலாறு பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. கம்பருக்கும் ஒட்டக்கூத்தருக்கும் இடையே நிகழ்ந்தனவாக விநோதரசமஞ்சரி கூறும் நிகழ்ச்சிகளை வரலாற்றிலிருந்து விலக்கிக் காண்பதற்கு ஆய்வாளர்கள் எத்துணை உழைக்க வேண்டியிருந்தது என்பதை அறிவோம். அத்தகைய உழைப்பை வேண்டி நின்ற பிறிதொரு களம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பெற்ற ஒரு துப்பாக்கிப் பட்டறையின் வரலாறாகும். அதற்குமுன் துப்பாக்கித் தொழிலில் ஈடுபட்டறியாத ஈலை விட்னி என்பவர், 1798ஆம் ஆண்டில் பத்தாயிரம் துப்பாக்கிகளைச் செய்து தருவதாக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அதனை அவர் நிறைவேற்றிய முறை பற்றி நிலவும் கதை ஒன்று. கடிதங்களும் எஞ்சிநிற்கும் துப்பாக்கிகளும் கூறுவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை அறிய முற்படுகிறது இக்கட்டுரை.

நிலவும் கதை சுருக்கமானது. விட்னி ஒரே அளவினவாகத் துப்பாக்கி உறுப்புகளைச் செய்யும் பொறிகளைப் புனைந்தார், 1801ஆம் ஆண்டு ஜனவரியில் வாஷிங்டன் நகருக்குச் சென்று, உறுப்புகளைக் குவியலாகக் குவித்து, கைக்கு வந்ததை எடுத்துத் துப்பாக்கிகளைப் பூட்டிக் காட்டினார், கண்டோர் வியந்தனர், அன்றே பொறிவழிப் பேருற்பத்தி பிறந்தது என்பது அது. அமெரிக்கப் பள்ளி நூல்கள் பல தலைமுறைகளுக்கு இதனை ஓதுவித்தன. இக்கதையில் பட்டறை இல்லை, கடன் இல்லை, காலத்தாழ்ச்சி இல்லை, அரம் பிடித்த கைகளும் இல்லை.

பருத்தியும் கடனும்

விட்னி 1765ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்பரோவில் வேளாண் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். விடுதலைப் போர்க் காலத்தில் ஆணிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தந்தையின் பணிக்கூடத்தில் ஆணி அடித்து விற்ற சிறுவர் அவர். பின்னர்ப் பள்ளியாசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, யேல் கல்லூரியில் பயின்று 1792இல் பட்டம் பெற்றார். கைத்திறம் இருந்தது, ஆயினும் துப்பாக்கிக் கொல்லரிடம் தொழில் பயின்றவரல்லர்.

1793இல் ஜார்ஜியா மாநிலத்தில் தங்கியிருந்தபோது பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறியை அமைத்து, அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் காப்புரிமை பெற்றார். அவரும் அவர்தம் பங்காளி ஃபினியஸ் மில்லரும் பொறியை விற்காமல், தாமே அரைத்துக் கொடுத்து அரைத்த பருத்தியில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூலியாகக் கேட்டனர். தோட்ட முதலாளிகள் பங்கு கொடுக்க மறுத்து, எளிய அமைப்புடைய அப்பொறியைத் தாமே செய்துகொண்டனர். 1795இல் நியூ ஹேவனில் இருந்த பணிக்கூடம் தீக்கிரையாயிற்று. 1797இல் தொடுத்த வழக்கும் தோற்றது. அப்பொறியால் பருத்தி பெருகிற்று. பருத்தியோடு அடிமை முறையும் வேரூன்றிப் பரந்தது. புனைந்தவர்க்கு எஞ்சியது கடனே. (அப்பொறியின் வழிவந்த ரம்பப்பல் அரவைப்பொறிகளே, 1840களில் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் கோயம்புத்தூர்ப் பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய அமெரிக்கப் பருத்திச் சோதனைப் பண்ணைகளுக்கும் வந்தன என்பது தமிழ் வாசகர் நினைவுகொள்ளத் தக்கது.)

துப்பாக்கித் தொழிலுக்கு விட்னி வந்த காரணத்தை இப்பின்னணியிலேயே காண வேண்டும். கல்லூரித் தோழர் ஒருவருக்கு 1798ஆம் ஆண்டின் இறுதியில் எழுதிய கடிதத்தில், தாம் நொடித்துப்போகும் நிலையில் இருந்ததையும், ஒப்பந்தத்தால் முன்பணமாகக் கிடைத்த சில ஆயிரம் டாலர்களே தம்மைக் காத்ததையும் அவரே ஒளிவின்றித் தெரிவிக்கின்றார். ஆகவே, ஒரு கருத்து முதலில் தோன்றி அதனைச் செயற்படுத்தப் பட்டறை எழுந்தது எனக் கொள்வதைவிட, பணத்தேவை முன்னின்றது, கருத்து அதனைத் தொடர்ந்தது எனக் கொள்வதே ஆவணத்திற்கு ஒத்ததாகும்.

ஒப்பந்தம்

1798இல் பிரான்சோடு போர் மூளும் என்னும் அச்சம் அமெரிக்காவில் நிலவிற்று. அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச்சாலை 1794இல் நிறுவப்பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரிச் சாலையில் உற்பத்தி தொடங்கவில்லை. எனவே தனியாரிடம் துப்பாக்கி வாங்க அரசு முடிவுசெய்தது. மே முதல் நாள் விட்னி நிதியமைச்சர் ஆலிவர் வால்காட்டுக்குக் கடிதம் எழுதினார். பத்தாயிரம் முதல் பதினையாயிரம் வரை துப்பாக்கிகள் செய்து தர இயலும் என்றும், நீராற்றலால் இயங்கும் பொறிகள் அடித்தல், துளைத்தல், சாணைபிடித்தல், மெருகிடுதல் ஆகியவற்றில் உடலுழைப்பைப் பெரிதும் குறைக்கும் என்றும் அதில் குறிப்பிட்டார். அப்பொறிகள் அன்று அவரிடம் இல்லை. பட்டறையும் இல்லை.

ஆறு வாரங்களில், ஜூன் 14ஆம் நாள், ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. துப்பாக்கி ஒன்றிற்கு 13 டாலர் 40 சென்ட். மொத்தம் 1,34,000 டாலர். 1799 செப்டம்பர் இறுதிக்குள் 4,000, 1800 செப்டம்பர் இறுதிக்குள் எஞ்சிய 6,000 கொடுக்கப்பட வேண்டும். பிரெஞ்சு நாட்டின் 1763ஆம் ஆண்டுச் சார்ல்வில் துப்பாக்கி மாதிரியாக வைக்கப்பெற்றது. முன்பணம் 5,000 டாலர். அவ்வாண்டு அரசு செய்த ஒப்பந்தங்கள் இருபதுக்கும் மேற்பட்டன. தொழிலறிந்த கொல்லர்கள் பலரும் சிற்றளவில் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க, அவற்றுள் பெரியது தொழிலறியாதவர்க்குக் கிடைத்தது. இது ஏன்? வால்காட் கனெக்டிகட்டைச் சேர்ந்தவர், யேல் கல்லூரியில் பயின்றவர். பருத்திப் பொறியால் விட்னியின் பெயர் ஏற்கெனவே பரவியிருந்தது. நியூ ஹேவன் பெருமக்கள் சிலர் வங்கிக் கடனுக்குப் பிணைநின்றனர். தொழிலனுபவம் இல்லாத இடத்தை இவை நிரப்பின. விட்னி முதன்முதலில் ஆக்கியளித்தது துப்பாக்கியன்று, நம்பகமே எனலாம்.

இருபத்தேழு திங்களில் பத்தாயிரம் என்பது எத்தகைய வாக்குறுதி என்பதை உணர, அக்காலத் துப்பாக்கி செய்யப்பட்ட முறையை நோக்க வேண்டும். நீள்துப்பாக்கி குழல், விசைப்பூட்டு, கட்டை என்னும் மூன்று பெரும் பகுதிகளை உடையது. இரும்புப் பட்டையைக் காய்ச்சி, உருளைக் கம்பியின்மீது சுற்றி, விளிம்போடு விளிம்பு பற்றுமாறு அடித்துக் குழல் ஆக்குவர். பின்னர் உட்புறத்தைத் துளைத்துச் சீராக்கி, வெளிப்புறத்தைச் சாணையில் தேய்த்து, மிகுமருந்து கெட்டித்துச் சுட்டு ஆய்வர். பற்று குறைந்த குழல் அவ்வாய்விலேயே வெடித்துவிடும். கட்டை வாதுமை மரத்தில் இழைக்கப்படுவது. விசைப்பூட்டே நுட்பமானது. சக்கிமுக்கிக் கல்லைப் பற்றிய சுத்தி, அதனை இயக்கும் வில், வில்லைத் தடுத்துநிறுத்தி விசையை இழுத்தவுடன் விடுவிக்கும் கொளுவி ஆகிய சிற்றுறுப்புகள் ஒன்றோடொன்று மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். கொல்லர் ஒவ்வோர் உறுப்பையும் அரத்தால் அராவி, வைத்துப் பார்த்து, மீண்டும் அராவிப் பொருத்துவார். ஆதலின் ஒரு துப்பாக்கியின் கொளுவி மற்றொன்றிற்கு ஆகாது. போர்க்களத்தில் ஓர் உறுப்பு ஒடிந்தால் அதற்குரிய கொல்லன் வந்தாலன்றி அத்துப்பாக்கி தடியாகவே பயன்படும்.

இதனைப் பயில்வதற்கே ஆண்டுகள் பல வேண்டும். மாதிரித் துப்பாக்கியைப் பார்த்துச் செய்துவிடலாம் என்று அதுவரை செய்தறியாதவர்க்கே தோன்றும். அறியாமை ஒருவகைத் துணிவைத் தந்தது என்பதில் ஐயமில்லை. அத்துணிவின் விலையை இத்துறையில் பொதுவாகத் தொழில்முனைவோரே செலுத்துவர். இங்கு அதனைச் செலுத்தியது அரசின் கருவூலம்.

மில் ஆற்றங்கரை

நியூ ஹேவனை அடுத்து மில் ஆறு ஓடும் இடத்தில், பழைய மாவாலை ஒன்றின் நீருரிமையோடு கூடிய நிலத்தை 1798 செப்டம்பரில் விட்னி வாங்கினார். குளிர்காலப் பனி கட்டுமானத்தைத் தாமதப்படுத்திற்று. நீர்ச்சக்கரம், உலைக்களம், துளைப்பொறி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழ வேண்டியிருந்தன. ஆள்களும் வேண்டும். தொழிலறிந்த துப்பாக்கிக் கொல்லர் எளிதிற் கிடைத்திலர். துப்பாக்கிகளை மட்டுமன்று, துப்பாக்கி செய்வோரையும் தாமே ஆக்க வேண்டியிருக்கிறது என்று விட்னி எழுதியிருக்கிறார். அவர் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் நம்பத்தக்கதாகத் தோன்றுவது இக்கூற்றே. தாம் முதலில் பயில வேண்டும். பயின்றதைப் பிறர்க்குப் பயிற்ற வேண்டும். பயின்றவர் கைபழகுமுன் தவணை வந்துவிடும்.

முதல் தவணை வந்தபோது, 1799 செப்டம்பரில், கொடுப்பதற்கு ஒரு துப்பாக்கியும் இல்லை. அதற்கு முன்னரே வால்காட்டுக்கு எழுதிய விளக்கக் கடிதத்தில்தான், கருவிகளே உறுப்புக்கு உருவம் தரவேண்டும், ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய அளவைக் கருவியே வழங்க வேண்டும், அதுவே தம் முதன்மை நோக்கம் என்னும் கருத்தை விட்னி விரிவாக முன்வைத்தார். இங்கு கால வரிசை கருதத்தக்கது. ஒப்பந்தத்தைக் கோரிய கடிதம் உழைப்பைக் குறைக்கும் பொறிகளைப் பற்றியே பேசிற்று. ஒருசீர்மை பற்றிய விரிவான பேச்சு, காலத்தாழ்ச்சிக்கு விளக்கம் கூறும் கடிதத்தில் எழுகின்றது. இதனால் அக்கருத்து வெறும் சாக்கு என்று முடிவுகட்டுதல் கூடாது. இடர்ப்பாடு ஒருவரைச் சிந்திக்கத் தூண்டுவதும் உண்டு. ஆயினும், கருவி செய்வதில் காலம் கழிகின்றது என்னும் விளக்கம், துப்பாக்கியே இல்லாத நிலையில் மேலும் முன்பணம் கோருவதற்கு மிகவும் உதவிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை.

வாஷிங்டன் காட்சி

இரண்டாம் தவணையும் 1800 செப்டம்பரில் கடந்தது. அப்போதும் கொடுக்கப்பட்ட துப்பாக்கி ஒன்றுமில்லை. இந்நிலையிலேயே 1801 ஜனவரியில் விட்னி வாஷிங்டன் சென்றார். அன்று குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்சு. துணைத்தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், அடுத்த தலைவராக விருப்பவர். நிகழ்ந்ததாக அறியப்படுவது இதுவே: வெவ்வேறு விசைப்பூட்டுகளை ஒரே துப்பாக்கிக் கட்டையில் திருப்புளி கொண்டே பொருத்திக் காட்டினார். பூட்டு முழுமையும் கட்டையில் பொருந்துவது வேறு. பூட்டின் உள்ளுறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்துவது வேறு. முன்னதற்குத் திருகாணித் துளைகளின் இடமும் பூட்டுத் தகட்டின் வடிவமும் ஒத்திருந்தால் போதும், பின்னதே அரிது. இவ்வேறுபாட்டைக் கதை விழுங்கிவிட்டது.

கதைக்குப் பெருஞ்சான்றாகக் காட்டப்படுவது, ஜெஃபர்சன் 1801 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் ஜேம்ஸ் மன்றோவுக்கு எழுதிய கடிதம். நூறு பூட்டுகளைப் பிரித்துக் கலந்துவிட்டாலும், கைக்கு வந்த உறுப்புகளைக்கொண்டே நூறையும் மீளப் பூட்டலாம் என்று விட்னியின் வேலைப்பாட்டை அதில் அவர் புகழ்கின்றார். ஆனால் தாம் பிரித்துப் பூட்டியதாக அவர் கூறவில்லை. அத்துடன், பிரான்சில் லெபிளாங்க் இதனை ஒத்த முறையை முன்னரே கண்டு, அதனைக் குழலுக்கும் கட்டைக்கும்கூட விரித்திருந்தார் என்பதும் அதே கடிதத்தில் உள்ளது. மேற்கோள் காட்டுவோர் பலர் இப்பகுதியை விட்டுவிடுவர்.

இதனோடு ஒப்பிட வேண்டியது, பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர் ஜெஃபர்சன் பாரிசிலிருந்து எழுதிய மற்றொரு கடிதம். 1785 ஆகஸ்டு 30ஆம் நாள் ஜான் ஜேக்கு எழுதப்பட்ட அதில், ஒனோரே பிளாங்க் என்னும் அவ்வினைஞரின் பணிக்கூடத்திற்குச் சென்றதையும், ஐம்பது பூட்டுகளின் உறுப்புகள் பிரித்து அறைகளில் அடுக்கப்பட்டிருந்ததையும், கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே சிலவற்றைப் பூட்டியதையும் தன்மைக் கூற்றில் தெரிவிக்கின்றார். உறுப்புக் குவியல், கண்டோர் வியப்பு, கைக்கு வந்ததை எடுத்தல் ஆகிய மூன்றும் ஈண்டு உள்ளன. வாஷிங்டனில் நிகழ்ந்ததாக நாம் கேள்விப்படும் காட்சி, உண்மையில் பாரிசுப் பணிக்கூடத்தில் ஜெஃபர்சன் கண்ட காட்சியின் இடப்பெயர்ச்சியாகலாம் என்பது என் கருத்து. ஒரு புலவர் பாடிய பாடல் மற்றொரு புலவர் பெயரில் வழங்குவதைப் போன்றதே இது.

காட்சியின் பயன் உடனே கிட்டிற்று. மேலும் முன்பணமும் கால நீட்டிப்பும் வழங்கப்பெற்றன. முதல் 500 துப்பாக்கிகள் 1801 செப்டம்பரில் கொடுக்கப்பட்டன. அதன் பின்னரும் வேலை மெல்லவே நடந்தது. தென் மாநிலங்கள் பருத்திப் பொறியின் உரிமையை விலைக்கு வாங்க முன்வந்தமையால் விட்னியின் கவனம் அங்கும் சென்றது. தென் கரோலினா மட்டும் 50,000 டாலருக்கு இசைந்தது. பத்தாயிரமாவது துப்பாக்கி 1809 ஜனவரியில் கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் இரண்டேகால் ஆண்டு; கழிந்தது பத்தரை ஆண்டு. அஞ்சப்பட்ட போர் 1800இலேயே உடன்படிக்கையால் நீங்கிவிட்டது. போர் வந்திருந்தால் இக்காலத்தாழ்ச்சி இத்துணை எளிதில் பொறுக்கப்பட்டிருக்குமா என்பது வினாவிற்குரியது.

துப்பாக்கிகளின் சான்று

விட்னியின் வாழ்க்கையை முதலில் விரிவாக எழுதியவர் டெனிசன் ஆம்ஸ்டெட். புகழ்மாலையாக அமைந்த அவ்வரலாற்றின் போக்கிலேயே பின்வந்தோரும் எழுதினர். 1960இல் இராபர்ட் உட்பரி என்னும் வரலாற்றாசிரியர் வெளியிட்ட கட்டுரை, கதையை ஆவணத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு, அது கட்டுக்கதை என்று நிறுவியது. அப்பத்தாண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சார்ந்த எட்வின் பாட்டிசன் விட்னியின் துப்பாக்கிகளையே பிரித்து ஆராய்ந்தார். பூட்டுகளின் உள்ளுறுப்புகள் மாறிப் பொருந்தவில்லை. அவற்றில் அரத்தின் தடமும், இன்ன உறுப்பு இன்ன துப்பாக்கிக்கு உரியது என்பதைக் காட்டும் குறிகளும் இருந்தன. எல்லா உறுப்புகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தால் அக்குறிகளுக்குத் தேவையே இராது. மில் ஆற்றங்கரையில் பயின்ற தொழிலாளர், தத்தம் பூட்டுகளைத் தம் கையால் அராவிப் பொருத்தியிருக்கின்றனர். அவர்தம் பெயர்கள் கதையில் இடம்பெறவில்லை. அரத்தின் கோடுகள் மட்டும் இரும்பில் எஞ்சின.

இதனால் விட்னியை ஏமாற்றுக்காரர் என்று கூறுவாரும் உளர். அது மிகைக்கூற்று. அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிடவில்லை; பத்தாயிரம் துப்பாக்கிகளையும் கொடுத்தார். அவர் எழுத்தில் கூறிய கொள்கை பிழையன்று. கைக்கு எட்டாததை எட்டியதாகக் காட்டியதே குறை. அக்குறையைப் பெரும்புகழாக மாற்றியவர்கள் பின்வந்த எழுத்தாளர்கள்.

கைக்கு எட்டச் செய்தவர்கள் வேறு சிலர். அதே கனெக்டிகட்டில் பெர்லின் என்னும் ஊரில் அரிவாள் செய்துவந்த சிமியோன் நார்த் என்பவரும் துப்பாக்கித் தொழிலுக்குப் புதியவரே. அவர் 1799இல் ஐந்நூறு கைத்துப்பாக்கிகளுக்கு மட்டும் ஒப்பந்தம் செய்து தொடங்கினார்; அதனை முடித்து அடுத்ததற்குச் சென்றார். பதினான்கு ஆண்டுகள் இவ்வாறு கைபழகிய பின்னரே, 1813இல், உறுப்புகள் மாறிப் பொருந்த வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறும் ஒப்பந்தத்தை, 20,000 கைத்துப்பாக்கிகளுக்கு, ஏற்றார். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஜான் ஹால் செய்த துப்பாக்கிகளின் உறுப்புகள் மாறிப் பொருந்துகின்றன என்பதை 1826இல் அரசு அமைத்த குழு ஆய்ந்து உறுதிசெய்தது. இவ்வளர்ச்சியில் அரசுச் சாலைகளின் பங்கை மெரிட் ரோ ஸ்மித் 1977இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துரைக்கின்றது. சிறிதாகத் தொடங்கிய நார்த்தின் பெயர் இன்று ஆய்வாளர்க்கே தெரியும். பெரிதாக வாக்களித்தவர் பெயர் பள்ளிச் சிறுவர்க்கும் தெரியும்.

விட்னியும் காலப்போக்கில் தொழிலறிந்தவரானார். 1812இல் அரசோடு 15,000 துப்பாக்கிகளுக்கு இரண்டாம் ஒப்பந்தம் செய்தபோது, பட்டறையும் பழகிய ஆள்களும் அவரிடம் இருந்தனர். 1825 ஜனவரியில் அவர் இறந்தபின் உடன்பிறந்தாள் மக்களான பிளேக் சகோதரர்களும், 1842 முதல் மகனும் தொழிலை நடத்தினர். 1847இல் சாமுவேல் கோல்ட் என்பவர் ஆயிரம் சுழல்துப்பாக்கிகளுக்கு அரசின் ஆணையைப் பெற்றார். அவருடைய பழைய தொழிற்சாலை ஐந்தாண்டுகளுக்கு முன்னரே மூடப்பட்டிருந்தது. ஆணை கையில் இருந்தது, பட்டறை இல்லை. அவ்வாயிரத்தையும் செய்து தருமாறு அவர் தேடிவந்த இடம் மில் ஆற்றங்கரையிலிருந்த விட்னியின் பட்டறையே.